ஓநாய்க்கு ஏன் காசு?

"மனிதருக்கே உதவி போதாதபோது ஓநாய்க்கு ஏன் காசு?" என்று எம்மவர் கேட்பதுண்டு. கணக்கெழுதும் நாமும் அப்படித்தான் எண்ணினோம்: ஒரு தலைப்பில் கூட்டினால் மறுதலைப்பில் குறையும்.

1995இல் கனடாவின் அல்பேர்ட்டாவிலிருந்து 14 ஓநாய்கள் அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றுக்குக் காடு இருந்தது. மனிதன் ஆசைக்காக ஓநாயையும் நாயையும் கலந்து பெருக்கிய பிராணிக்கோ காடுமில்லை, வீடுமில்லை, வளர்த்தவரே கைவிட்டுவிடுகிறார்.

இதில் பெண்கள் எங்கே வந்தார்கள் என்பீர்கள். அடிக்கும் கணவனைவிட்டு வெளியேற விரும்பும் பெண், புகலிடத்தில் வளர்ப்புப் பிராணியைச் சேர்க்கமாட்டார்கள் என்பதால் அவ்வீட்டிலேயே தங்கிவிடுவதுண்டு. (ஊரைவிட்டு ஓடுகையில் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது விளங்கும்.) இருவருக்கும் சேர்த்து இடமளிக்க நிதி வழங்கும் சட்டத்தை அமெரிக்கா 2018இல் இயற்றியது. அச்செலவைப் பெண்ணின் தலைப்பில் எழுதுவதா, பிராணியின் தலைப்பில் எழுதுவதா? எமக்குத் தெரியவில்லை.