சக்கேயு செலுத்திய ஈடு

தவக்காலம் வந்ததும் நம் ஆலயங்களில் ஒப்புரவு அருட்சாதனத்திற்குக் காத்திருப்போரின் வரிசை நீளுகிறது. கண்ணீரோடு வருவோரும் உண்டு. அக்கண்ணீரை இறைவன் புறக்கணிப்பதில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பாவத்தை அறிக்கையிட்டவர் எழுந்து சென்றபின், அவரால் பாதிக்கப்பட்டவரின் நிலை என்ன?

புதிய ஏற்பாடு மனமாற்றத்தைக் குறிக்க 'மெத்தனோயா' என்னும் கிரேக்கச் சொல்லை ஆளுகிறது. சிந்தையே வேறாக மாறுதல் என்பது அதன் பொருள். வருத்தம் தன்னையே சுற்றிச் சுழலக்கூடும். மனமாற்றமோ இறைவனையும் அயலாரையும் நோக்கித் திரும்புகிறது.

யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் தவறினர். யூதாசு தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 30 வெள்ளிக்காசுகளையும் திருப்பிக் கொண்டுவந்தார். ஆனால் தலைமைக் குருக்களிடம் சென்றவர் ஆண்டவரிடம் செல்லவில்லை. பேதுருவோ மனம் கசந்து அழுதபின் சீடர்களோடு தங்கியிருந்தார். மும்முறை மறுதலித்த அவரே, திபேரியக் கடலருகே மும்முறை தம் அன்பை அறிக்கையிட்டார். இறை இரக்கத்தில் நம்பிக்கையற்ற வருத்தம் விரக்தியில் முடிகிறது.

அப்படியெனில் நம்பிக்கை மட்டும் போதுமா? எரிகோவில் வரிதண்டுவோரின் தலைவராயிருந்த சக்கேயு இதற்கு விடை தருகிறார். தானே முன்வந்து குற்றத்தை அறிக்கையிடுபவர் முழு ஈட்டோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றது எண்ணிக்கை நூல். ஆட்டைத் திருடி அடித்தவனோ விற்றவனோதான் ஒன்றுக்கு நான்காகக் கொடுக்க வேண்டும் என்றது விடுதலைப் பயண நூல். சக்கேயுவை எந்த நீதிமன்றமும் அழைக்கவில்லை. ஆயினும் திருடனுக்குரிய நான்கு மடங்கைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். இயேசு அவரிடம் கணக்குக் கேட்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. அவர் வீட்டில் தங்கவே வந்தார். இரக்கம் முந்தியது, ஈடு பிந்தியது. எனவே ஈடு என்பது மன்னிப்பின் விலையன்று, அதன் கனி.

மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் மனம் வருந்துபவரின் கடமை எனத் திரிதெந்து பொதுச்சங்கம் 1551-ஆம் ஆண்டு கற்பித்தது. பிறர் பொருளைத் திருப்பித் தர இயன்றும் தராதவரின் மனவருத்தம் வெறும் நடிப்பே என்பது புனித அகுஸ்தீனாரின் உறுதியான கருத்து.

சகோதரியின் சொத்துப் பங்கை மறைத்தவர் மூன்று 'அருள்நிறை மரியே' சொல்லிவிட்டார் என்பதால் அந்நிலம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடாது. வேலையாளின் கூலியைக் குறைத்தவர் அதைக் கொடுத்தாக வேண்டும். ஒருவரின் நற்பெயரைக் கெடுத்தவர், எவர்முன் அவதூறு பேசினாரோ அவர்முன்னே உண்மையைச் சொல்ல வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதைவிட இது கடினம். இழந்தவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கும், அவர்களும் இல்லையெனில் ஏழைகளுக்கும் அக்கடன் உரியது. முழுவதும் தர இயலாத வறியவர் இயன்றதைச் சிறுகச் சிறுகத் தரட்டும். இயலாமையை இறைவன் அறிவார்; மனமின்மையையும் அவர் அறிவார்.

காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரரிடம் சென்று நல்லுறவு கொள்ளுமாறு பணித்தவர் ஆண்டவரே. நம்முள் சிலர் அவ்வாறு சென்று தட்ட வேண்டிய கதவு அடுத்த தெருவிலேயே இருக்கலாம்.