பொதுக் கடனைத் தள்ளுபடி செய்ய யாருக்கு உரிமை?

நமது கைப்பணத்தை ஒரு சகோதரருக்குக் கடனாகக் கொடுத்தோம். அவருடைய வியாபாரம் நொடித்துவிட்டது. "போகட்டும், விடுங்கள்" என்று நாம் சொல்லிவிடலாம். கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்க வேண்டும், விட்டுக்கொடுத்தாலோ அது இன்னும் மேல் என்பது திருமறையின் போதனை (2:280). நம்மில் இதை அறியாத வியாபாரி இல்லை.

ஆனால் பலர் சேர்ந்து நிதி திரட்டி, சிறு தொழில் செய்வோருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறோமே, அங்கே மன்னிக்கும் உரிமை யாருக்கு?

இத்தகைய நிதிகள் புதுமையல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் டப்ளின் நகரத்துப் பாதிரியாரும் எழுத்தாளருமான ஜோனதன் ஸ்விப்ட், தம் சொந்தப் பணம் 500 பவுனை ஒதுக்கி, ஐந்தும் பத்துமாக ஏழைத் தொழிலாளிகளுக்குக் கொடுத்து வந்தார். சிறு சிறு தவணையாகத் திரும்பிய பணம் அடுத்தவர் கைக்குப் போயிற்று. நம் காலத்தில் டாக்டர் அம்ஜத் சாகிப் 2001இல் லாகூரில் தொடங்கிய 'அகுவத்' நிறுவனத்தின் முதல் கடன் 10,000 ரூபாய். பெற்றவர் ஒரு கைம்பெண். தர்மம் வேண்டாம், வட்டியில்லாக் கடன் போதும் என்று கேட்டு வாங்கி, உழைத்துத் திருப்பிக் கட்டினார். இன்று அந்நிறுவனம் பள்ளிவாசல்களிலேயே கடன் பட்டுவாடா செய்கிறது, தேவாலயங்களிலும் செய்கிறது. மலேசியாவில் 1987இல் அமைந்த அமானா இக்தியார், ஐந்து ஐந்து பேராகக் குழு சேர்த்து, ஈடு கேளாமல் கடன் கொடுத்தது.

இவற்றின் உயிர் பணம் சுழல்வதில்தான் இருக்கிறது. ஒட்டுக்கடைக்காரர் ஒருவருக்குக் கொடுத்த 2,000 வெள்ளியைக் கமிட்டி தள்ளுபடி செய்தால், நஷ்டம் கமிட்டிக்கு அல்ல. மனுப்போட்டுக் காத்திருக்கும் மற்றொரு ஏழைக்கு. பிறர் பணத்தில் தாராளம் காட்டுவது மிகவும் மலிவான தாராளம். அப்பணம் நம்மிடம் அமானிதம்.

அதற்காகக் கடைவாசலில் வாடிக்கைக்காரர் முன்னிலையில் போய் நின்று கேட்பதா? கூடவே கூடாது. 'ஒரு காசும் மூழ்கவில்லை' என்று ஆண்டறிக்கையில் பெருமை பேசும் நிதியையும் நாம் சற்றுச் சந்தேகத்துடனேயே பார்க்கிறோம். மெய்யான ஏழையை அது வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கக் கூடும்.

வசதியிருந்தும் இழுத்தடிப்பவர் செய்வது அநியாயம். அவரிடம் கண்டிப்பாகக் கேட்கத்தான் வேண்டும். நொடித்துப் போனவருக்கோ நிதி தவணையைத் தாராளமாக நீட்டட்டும். தள்ளுபடி மட்டும் வேறு பையிலிருந்து வரட்டும். ஜகாத் பெறத்தக்க எட்டு வகுப்பாரில் கடனாளிகளும் உண்டு (9:60). சிங்கப்பூரில் முயிஸும் மலேசியாவில் அந்தந்த மாநிலத்து அமைப்புகளும் ஜகாத்தை நிர்வகிக்கின்றன. அங்கே மனு எழுதிக் கொடுத்து, அவருடன் கூடவே போய் வருவது கமிட்டியின் கடமை. கிடைக்காவிட்டால், அங்கத்தினர் தங்கள் சொந்தப் பணத்தில் சதகாவாகப் போட்டுக் கணக்கை நேர் செய்யலாம். அப்போதுதான் அது விட்டுக்கொடுத்தல் ஆகும்.

ஜாமீன் போட்டவர் விஷயந்தான் நமக்குச் சங்கடமாக இருக்கிறது. அவரும் பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரர். அவர் பெட்டியிலும் அன்றாடக் காசுதான். கையெழுத்துப் போட்ட பொறுப்பு அவருக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அவர் கதவைத் தட்டுவதற்கு முன்பு, அம்மனுவைப் பரிந்துரைத்த கமிட்டி அங்கத்தினர் தம் பங்கை மேசைமீது வைக்கட்டும்.