உள்ளவனுக்கே சேரும் கணக்கு

1965-ல் டெரிக் டி சோலா பிரைஸ், விஞ்ஞானக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் வலைப்பின்னலை ஆராய்ந்தார். பெரும்பாலானவை கவனிப்பாரற்றுக் கிடந்தன. சிலவற்றின் மீது மட்டும் மேற்கோள்கள் குவிந்திருந்தன. 1976-ல் இதற்கொரு கணித விளக்கமும் தந்தார். 1999-ல் பராபாசியும் ஆல்பெர்ட்டும் ஏறக்குறைய அதே விதியைத் தனியாகக் கண்டடைந்தார்கள்: புதிதாக வரும் முடிச்சு, ஏற்கெனவே இழைகள் மிகுந்த முடிச்சையே பற்றிக்கொள்ளும் சாத்தியம் அதிகம். இன்று விதி பெரும்பாலும் இவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. முந்தி வந்தவருக்கே லாபம் என்ற கணக்கு, முந்தி வந்த பிரைஸைக் கைவிட்டுவிட்டது.

இந்த மாதிரியில் முடிச்சுகள் சாவதில்லை, இழைகள் அறுவதில்லை. 2001-ல் பியான்கோனியும் பராபாசியும் ஒவ்வொரு முடிச்சுக்கும் 'தகுதி' என்றோர் எண்ணைச் சேர்த்தார்கள். பிந்தி வந்ததும் முந்தலாம் என்றாயிற்று. ஆனால் அந்தத் தகுதி பிறக்கும்போதே ஒட்டப்பட்ட எண். யாரும் படித்துப் பார்த்து அளந்ததல்ல.

எனக்கு உறுத்துவது இதுதான். நான் படிக்காத ஒரு நூலை, பலரும் குறிப்பிட்டதாலேயே, என் கட்டுரையொன்றில் குறிப்பிட்டிருக்கிறேன். அன்று நான் வெறும் முடிச்சு. கணக்கு என்னைச் சரியாக வர்ணித்தது. ஆனால் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கூட்டத்தின் போக்கைச் சொல்லும் விதியை என் செயலுக்குச் சமாதானமாக்கிக்கொண்டால், அது விஞ்ஞானமல்ல, சோம்பல்.

யாரும் பேசாத ஒரு நூலை நான் படித்து எழுதினால் வலைப்பின்னலின் உருவம் மாறிவிடாது. அந்த நூலுக்கு முதல் இழை கிடைக்கும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு நான் பொறுப்பு.