சத்திரக்காரனை மறவாதிருப்போம்



நல்ல சமாரியன் உவமையில் நாம் மறந்துபோகும் ஒருவன் உண்டு, அவன் சத்திரக்காரன். சமாரியன் மறுநாள் புறப்பட்டுப் போனான். காயம்பட்டவனை அதன்பின் இராப்பகலாய்ப் பார்த்தவன் சத்திரக்காரனே. அவனுக்கு நஷ்டம் வரலாகாதென்று சமாரியன் இரண்டு பணம் கொடுத்ததுமன்றி, மிஞ்சிய செலவுக்கும் தானே பொறுப்பேற்றான்.

இன்றைய சத்திரக்காரர் ஆஸ்பத்திரி நர்சுகளே. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் அவ்வேலைக்குப் போகிறார்கள். புளியரைக்கு அப்பாலுள்ள கேரளத்தில், பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்சு லினி, நோயாளி ஒருவரைப் பராமரித்ததில் நிபா காய்ச்சல் தொற்றி, 2018-ம் வருஷம் மே 21-ந் தேதி மரித்தார். இரண்டு சிறுவருக்குத் தாய். அவர் பணிவிடை செய்தபோது அது நிபா என்று எவரும் அறியார்.

அர்ச். ஞானப்பிரகாசியாரும் 1591-ல் உரோமையில் கொள்ளைநோய்க்காரரைத் தாங்கி 23-ம் வயதில் உயிர்விட்டார். இத்தியாகங்களை வணங்குகிறோம். ஆனால் தியாகம் வேறு, அசட்டை வேறு. தன்னுயிரைக் காப்பதும் ஐந்தாம் கற்பனைக்குள் அடங்கியதே.

கொள்ளைநோய் எப்போதோ வரும். ஊசிக்குத்து அன்றாட ஆபத்து. பிறர் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெப்படைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. கிருமிகள் தொற்றக்கூடும். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடலாகாது. குத்திவிட்டாலோ, விரலை வாயில் வைக்காமலும் பிதுக்காமலும் சோப்பிட்டுக் கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைக் கூடியமட்டும் 2 மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணி நேரத்துக்குள்ளாவது தொடங்கி, 28 நாள் உட்கொள்ள வேண்டும்.

ஊசி குத்தி மூன்றாம் நாள் தாயிடம் அழுத ஒரு பிள்ளையை நானறிவேன். "யாரிடமும் சொல்லாதே, வரன் தட்டிப்போகும்" என்பதே தாய் சொன்ன முதல் புத்தி. தாய்மாரே, அந்த மௌனம் மானத்தைக் காக்காது. மருந்துக்குரிய நேரத்தைத்தான் தின்னும். ஊர்வாய்க்குப் பயந்து பெற்ற பிள்ளையைப் பலியிடலாமோ?

ஆகையால் இவ்வாரம் உங்கள் மகளிடம், மருமகளிடம் கேளுங்கள்: ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா? "எது நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல், ஏச மாட்டோம்" என்று வாக்குக் கொடுங்கள். வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் ஊசியைக் குப்பையோடு எறியாமல் கெட்டியான டப்பாவில் சேர்த்து, ஆஸ்பத்திரியில் ஒப்படையுங்கள். குப்பை அள்ளுகிறவனும் உங்கள் அயலானே.

இரவு ஜெபமாலை முடிவில் நர்சுகளுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வோமாக. வியாதிக்காரருக்கு ஆரோக்கியமான தேவமாதா அவர்களையும் காப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக்குரு