யாழை முறிக்க வேண்டாம்

காரைக்காலை ஒட்டி ஒரு தருமபுரம் இருக்கிறது. ஆதீனம் இருக்கும் மயிலாடுதுறைத் தருமபுரம் வேறு. இந்தத் தருமபுரத்தில் சுவாமிக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இங்கே வந்தபோது நடந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்கிறார். சம்பந்தரின் பதிகங்களை யாழில் வாசித்தபடி கூடவே நடந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த உறவினர்கள் பெருமை பொங்க, நீங்கள் யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தப் பிள்ளையின் பதிகங்கள் இவ்வளவு பரவுகின்றன என்று சொல்லிவிட்டார்கள். பாணர் நடுங்கிப் போனார். யாழுக்குள் அடங்காத ஒரு பதிகம் பாடி இவர்களுக்கு உண்மையைக் காட்ட வேண்டும் என்று சம்பந்தரை வேண்டினார்.

சம்பந்தர் பாடினார். பாணரின் விரல்களுக்கு அந்தப் பாட்டு எட்டவில்லை. இந்தக் கருவியைக் கையில் எடுத்ததால் வந்த வினை இது என்று யாழை ஓங்கி உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து யாழை வாங்கிக்கொண்டார். இறைவனின் திருவிளையாட்டு முழுவதும் இந்தக் கருவிக்குள் அடங்கிவிடுமா, இதில் எவ்வளவு வருமோ அவ்வளவு வாசியுங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பாணரும் வாங்கிக்கொண்டார். நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தரோடு சோதியில் கலக்கும் நாள்வரை பாணர் அவரைப் பிரியவில்லை.

போன வருஷம் என் தம்பி ஒரு கேள்வி கேட்டபோது எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கும்பகோணத்தில் வீடு. பணிக்கொடை வந்தபோது சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய யமஹா ஆம்ப்ளிஃபையரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் 38,000 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, நீ கேட்கறது தேவாரம். அது போன்லயே வருது. சாமி பாட்டுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி? பக்திக்குக் காது நல்லா இருந்தா போதாதா?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை. அவன் சிவபூசை செய்கிறவன். கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. அன்றிலிருந்து அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அவன் பக்கத்து வாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது வலுவானது. எங்கள் அம்மாச்சி மார்கழி முழுக்கக் கோயில் கோபுரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்தான் திருவெம்பாவை கேட்டாள். அந்தக் குழாயில் அடித்தொனி எதுவும் வராது. மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போயிருக்கும், வலந்தலை மட்டும் டப்பாவைத் தட்டுவது போல் கேட்கும். அதைக் கேட்டுக் கொல்லையில் சாணம் கரைத்துக்கொண்டே அவள் அழுதிருக்கிறாள். அந்தக் கண்ணீரில் ஒரு குறையும் இல்லை.

இதற்கு இயற்பியலிலும் ஒரு காரணம் உண்டு. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் ஆதார சட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். தம்பூராவின் மந்தர சட்ஜத் தந்தி அதில் பாதி. போனில் இருக்கும் சிறு ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்குப் போகவே முடியாது. ஆனாலும் பாடுகிறவர் எந்தச் சுருதியில் நிற்கிறார் என்று நமக்குச் சரியாகவே தெரிகிறது. ஒரு சுரத்தின் மேல் அடுக்குகளான மேற்சுரங்கள் காதில் விழுந்தால் போதும், அவற்றுக்கு அடியில் இருக்க வேண்டிய ஆதாரச் சுரத்தை நம் மூளையே கட்டிக்கொள்கிறது. வராத ஒலியைக் கேட்கும் வல்லமை மனிதக் காதுக்கு இயற்கையாகவே இருக்கிறது. அம்மாச்சி குழாய் ஸ்பீக்கரில் கேட்டது அப்படித்தான். தொப்பியை அவள் மனம் வாசித்தது. ஆகவே தம்பி சொன்னது சரி. பக்தி பிறக்க ஹைஃபை தேவையில்லை.

அப்படியானால் நான் வாங்கிவந்த பெட்டி கூடுதலாக என்ன தருகிறது? இதற்கு விடை சொன்னவர் என் மாமியார். அவரை நான் அத்தை என்பேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தினமும் காலையில் போனை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஓதுவாரின் தேவாரப் பதிவைக் கேட்பார். எந்தப் பதிகத்துக்கு அடுத்து எந்தப் பதிகம் என்று வரிசை அவருக்கு மனப்பாடம். அதே பதிவைப் புதிய பெட்டியில் போட்டேன். அத்தை வழக்கம்போல் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கேட்டார். மூன்றாவது பாட்டில் முணுமுணுப்பு நின்றது. "இங்க மூச்சு வாங்குறாரே! வயசானவர் போலிருக்கு. அடுத்த அடிக்கு முன்னாடி பாரு, கொஞ்சம் நிதானிச்சு எடுக்கிறாரு" என்றார். நானும் கேட்டேன். பாட்டின் நடுவில் ஒரு சின்ன இழுப்பு, உதடு பிரியும் ஒலி, அதன் பிறகு அடி தொடங்குகிறது. பின்னால் தம்பூராவின் ஜீவா எழுப்பும் ரீங்காரம் தனியாகப் பிரிந்து கேட்டது. அத்தை வருஷக்கணக்காகக் கேட்ட பதிவு. பாடியவர் ஒரு மனிதர், அவருக்கு உடம்பு இருக்கிறது, மூச்சு இருக்கிறது என்று அன்றுதான் அத்தைக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து பதிவு முடிந்ததும் சுவாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு, "அந்த ஓதுவார் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்கிறார்.

இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. சைவத்தில் சிவனை வணங்குவது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அடியாரை வணங்குவது. பெரியபுராணம் என்ற நூலே அதற்காக எழுந்தது. போன் நமக்குப் பதிகத்தைத் தருகிறது. பதிகம் போதும், அது மந்திரம், அதற்குக் குறை வைக்க நான் யார். ஆனால் பதிகத்தைச் சுமந்துவந்து கொடுத்த அடியார் அந்தச் சிறு ஒலியில் மறைந்துவிடுகிறார். நல்ல கருவி அவரை வீட்டுக்கு அழைத்துவருகிறது. தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார்கள் தங்கள் தொண்டையையும் ஆயுளையும் கொடுத்துப் பதிவு செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்ததை முடிந்தவரை முழுதாக வாங்கிக்கொள்வது மரியாதை என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்த அடியாரை வாசலோடு அனுப்பிவிடக் கூடாது.

அழைத்துவருகிறது என்று நான் சொல்வது வெறும் பேச்சு அழகுக்காக இல்லை. ஸ்டீரியோவுக்கான அடிப்படைக் காப்புரிமையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் 1931-இல் கோரினார். திரையில் நடிகர் ஒரு பக்கம் நடக்க, குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்டீரியோவில் இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே ஒலி ஒரே நேரத்தில் வந்தால் காது அதை இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைக்கும். ஒற்றைத் தடத்தில் பதிவான பழைய தேவாரத்தைப் போட்டாலும் இது நடக்கும். நடுவில் பெட்டி எதுவும் இல்லை, சுவரும் ஒரு நாள்காட்டியும்தான். ஓதுவார் அங்கேதான் உட்கார்ந்து பாடுகிறார்.

ஆனால் பெட்டியை வாங்கிவந்த அன்றே அவர் வந்துவிடவில்லை. அறையைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எங்கள் கூடம் டைல்ஸ் தரை, வெறும் சுவர். கை தட்டினால் திரும்பி ஒலிக்கும். மூலையில் வைத்த ஸ்பீக்கரில் மிருதங்கம் குமுறியது. சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைத்தேன், குமுறல் அடங்கியது. தரையில் பவானி ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனமான பருத்தித் திரை போட்டேன். ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஒரு மர ஸ்டூலில் ஏற்றினேன். இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. மின்விசிறி. அது சுற்றும்வரை தம்பூரா காதில் ஒட்டாது. விசிறியை நிறுத்தினால் தம்பூரா எழுந்து வரும். கும்பகோணத்துச் சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு ஒரு பதிகம் முழுதும் உட்கார்வது சின்ன விரதம்தான். ஹைஃபையில் மிகப் பெரிய மேம்பாடு எனக்குக் காசில்லாமல் கிடைத்தது. அதற்கு விலை என் வியர்வை.

இந்த அமைதி புதிதல்ல. வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். 1938-இல் மறைந்தவர். அவர் வீணையின் நாதம் மிக மெல்லியது. வந்தவர்கள் அசையாமல், பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த பெரிய வித்வான்களுக்கும் அதே விதிதான். அவர் நாதத்தைப் பெரிதாக்க எந்தக் கருவியும் அங்கே இல்லை. கேட்பவர்கள் தங்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள், நாதம் தானே பெரிதானது. எந்த ஆம்ப்ளிஃபையராலும் அந்த வேலையைச் செய்ய முடியாது.

நல்ல கருவியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் லட்சக்கணக்கில் செலவழித்து ஒலி அறையே கட்டியிருக்கிறார். நல்ல மனிதர், ஆசையாக அழைத்துப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு பாட்டிலும் அரை நிமிடம். இங்கே மணி எப்படி விழுகிறது பாருங்கள், இங்கே கடம் எப்படி எழுகிறது பாருங்கள் என்று அடுத்ததற்குத் தாவினார். அவர் வீட்டில் ஒரு பாட்டும் முடியவில்லை. பாட்டு அங்கே கருவிக்குப் பரீட்சை வைக்கும் வினாத்தாளாகிவிட்டது. எனக்கு அவர்மேல் வருத்தமே மிஞ்சியது. அத்தனை நல்ல விருந்தாளிகளை அழைத்துவந்து ஒருவரையும் பேசி முடிக்க விடாமல் வைத்திருக்கிறார்.

சைவ சித்தாந்தம் ஞானத்துக்கு நான்கு படி சொல்கிறது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை. கருவி உதவக்கூடியது முதல் படிக்கு மட்டும்தான். மற்ற மூன்றுக்கும் ரிச்சி தெருவில் எதுவும் கிடைக்காது. முதல் படியையே பளபளவென்று தேய்த்துக்கொண்டிருப்பவர் இரண்டாவது படிக்கு ஏறமாட்டார். அதற்காக முதல் படியே வேண்டாம் என்று எவரும் மேலே போனதும் இல்லை.

இன்னொரு கடமையும் உண்டு. ஒலி சுவர் தாண்டும். நான் காலையில் கேட்கும் தேவாரம் அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கு இரைச்சல். மாடியில் இரவுப் பணி முடித்துத் தூங்குகிற பையனுக்கு இம்சை. நம் பக்தி அடுத்தவர் தூக்கத்தில் ஏறி நின்றால் அந்தப் புண்ணியம் எனக்கு வேண்டாம். நல்ல கருவி குறைந்த ஒலியிலும் சொல் தெளிவாகத் தரும். குமிழை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் திருப்புவதில்லை.

இப்போது தம்பிக்கான பதில். கருவி மனதை மயக்கும் என்று அதைத் தூக்கி எறிகிறவரும், கருவியே கதி என்று வருஷத்துக்கு ஒன்று மாற்றுகிறவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இருவருக்கும் யாழ்தான் பெரிதாகத் தெரிகிறது, பாட்டு தெரியவில்லை. உடைக்க ஓங்கிய கையைச் சம்பந்தர் பிடித்தது அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. பாட்டு கருவிக்குள் அடங்காது என்பது உறுதி. அடங்குகிற அளவை அன்போடு வாசிப்பதும் உறுதி. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் ஆசையும் வெறுப்பும் ஒன்றாகத் தணிகின்றன. வீட்டில் ஒரு நல்ல ஹைஃபை எவ்வளவு முக்கியம் என்றால், சம்பந்தர் அருகில் பாணரின் யாழ் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு. குறைவாக மதிக்க வேண்டாம், கூடுதலாகவும் வேண்டாம்.

கடன் வாங்காமல், வீட்டில் யாருடைய தேவையையும் குறைக்காமல் முடிந்தால் வாங்குங்கள். ஒருமுறை நன்றாக அமைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாமே என்ற எண்ணம் எனக்கும் வருகிறது. வரும்போதெல்லாம் அதற்கென்று ஒதுக்கத் தோன்றுகிற பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கோயிலுக்குப் போகிறேன். அங்கே சாயரட்சையில் ஓதுவார் பாடுகிறார். மைக் கிடையாது. பெரும்பாலும் நான்கைந்து பேர்தான் நிற்போம். பாடி முடித்ததும் அந்தப் பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, இன்று என்ன பண் பாடினீர்கள் என்று கேட்கிறேன். பதிவில் மூச்சு வாங்கியவருக்காகப் பிரார்த்திக்கிறோம், நல்லதுதான். இன்று நம் தெருவில் மூச்சைப் பிடித்துப் பாடுகிறவரைக் கவனிக்க அந்தப் பெட்டி கற்றுத் தராவிட்டால் அந்த 38,000 ரூபாயை வீணாக்கினேன் என்றுதான் நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.