உடைமையும் ஒப்புரவும்: யப்பானிய நகரத்துச் சிறு தோட்டம் எழுப்பும் அறவினா

மனிதன் தனக்கெனச் சிறிதளவு மண்ணைப் பண்படுத்தி, அதிலே செடிகொடிகளை வளர்த்து, அவற்றின் தளிரையும் மலரையும் கண்டு மகிழ்தல் எவர்க்கும் தீங்கு பயவாத செயலென்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. தோட்டத்தை அழகியலின் பாற்பட்டதாகக் கொள்வோர் பலர்; அறவியலின் பாற்பட்டதாகக் கொள்வோர் சிலரே. ஆயினும், நிலம் அரிதாகி, ஒருவர் வீட்டுச் சுவரே மற்றவர் வீட்டுச் சுவராகவும் அமைந்துவிட்ட நகரத்திலே ஒரு பூச்சாடியை எங்கே வைப்பது என்பதும் அறவினாவாகிவிடுகின்றது. இக்கால யப்பானிய நகரங்களின் முற்றங்களிலும் ஒழுங்கைகளிலும் பல்கணிகளிலும் காணப்படும் சிறு தோட்டங்கள் அத்தகைய வினாவொன்றை எழுப்புகின்றன. தனக்குச் சொந்தமல்லாத இடத்திலே தன் உழைப்பால் ஒருவர் உண்டாக்கிய அழகு எவருக்குரியது? அதன்மீது அவருக்குள்ள உரிமை எத்தகையது? அதனை எப்பொழுது, எவர்பொருட்டு விட்டுக்கொடுக்க அவர் கடமைப்பட்டவராகின்றார்?

இவ்வினாக்களுள் நுழையுமுன் பரவலாக வழங்கும் கருத்தொன்றை விலக்குதல் வேண்டும். யப்பானியர் பிறப்பிலேயே இயற்கையை நேசிப்பவர்கள் என்றும், அவர்தம் தோட்டங்கள் அந்நேசத்தின் வெளிப்பாடுகளே என்றும் கூறுவாருளர். ஓர் இனத்தின் இயல்பு எனக் கூறிவிட்டால் ஆராய வேண்டியது எதுவுமில்லை. ஆனால் தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் கடலிற் கலந்து, மீனுண்ட மக்களை நோயாளராக்கிய மினமாத்தாத் துயரம் 1956ஆம் ஆண்டில் வெளிப்பட்டதும் அதே நாட்டிற்றான். எனவே தோட்டத்தின் காரணத்தை இனவியல்பிலன்றி வாழ்நிலையிலே தேடுவதே பொருத்தமாகும். யப்பானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு காடாகும்; அதிற் பெரும்பகுதி மலைச்சரிவிலுள்ளது. மக்களோ எஞ்சிய சமவெளிகளிலே செறிந்து வாழ்கின்றனர். தோக்கியோவின் 23 வட்டாரங்களில் மட்டும் தொண்ணூறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். இந்நெருக்கமே சிறு தோட்டத்தைத் தோற்றுவித்தது. அதனை அறவினாவாக்கியதும் இந்நெருக்கமே.

கியோத்தோ நகரின் பழைய வணிகர் வீடுகள் வீதியை நோக்கிய முகப்பிற் குறுகியும் உட்புறத்தில் மிக நீண்டும் அமைந்தவை. அவற்றினுள்ளே சில பாய்கள் விரிக்கத்தக்க அளவான முற்றமொன்று விடப்படும். சுபோநிவா எனப்படும் அம்முற்றத்திற் கல்விளக்கொன்றும், பாசியும், நிழல் விரும்பும் சில செடிகளும் இருக்கும். இருண்ட அறைகளுக்கு ஒளியும் காற்றும் அதன் வழியே வருகின்றன. கோடையில் நீர் தெளித்தால் வீட்டினூடே குளிர்ந்த காற்று அசையும். இத்தோட்டம் முற்றிலும் வீட்டாருக்கே உரியது. இதற்கு மறுதலையானது ஷக்கெய், அதாவது கடன் வாங்கிய காட்சி எனப்படும் தோட்டமுறை. அந்நகரின் வடபாலுள்ள என்த்சூஜி ஆலயத்துத் தோட்டத்தில், உயிர்வேலிக்கும் மரங்களுக்கும் அப்பால், தொலைவிலுள்ள ஹியெய் மலை அத்தோட்டத்தின் ஓர் உறுப்பாகவே அமைகின்றது. மலை ஆலயத்தின் உடைமையன்று. ஆனால் இடையிலே உயர்ந்த கட்டிடமொன்று எழுமாயின் தோட்டமே அழிந்துபோம். இதனாலேயே 2007ஆம் ஆண்டில் கியோத்தோ நகராட்சி நடைமுறைப்படுத்திய நிலக்காட்சிக் கொள்கை இத்தகைய காட்சிகளையும் காக்க முற்பட்டு, இடைப்பட்ட நிலங்களிற் கட்டப்படும் கட்டிடங்களைக் கட்டுப்படுத்தியது. ஒருவர் கண்ணாரக் காணும் மலைக்காக, அவர் அறியாத மற்றொருவர் தம் கூரையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று. நுகர்வு ஓரிடத்தும் அதன் விலை மற்றோரிடத்தும் இருக்கக்கூடும் என்பதற்கு இஃதொரு தக்க சான்றாகும்.

வணிகர் முற்றமும் ஆலயத் தோட்டமும் எல்லார்க்கும் வாய்ப்பன அல்ல. நகரத்துச் சாதாரண மக்கள் பலருக்குக் கிடைப்பது தொடர்மாடியின் பல்கணி ஒன்றே. தொடர்மாடி வீடுகளின் உடைமை பற்றிய யப்பானியச் சட்டம் 1962ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அது கட்டிடத்தைத் தனியார்க்குரிய பகுதியெனவும் பொதுப் பகுதியெனவும் வகுக்கின்றது. தொடர்மாடிகளின் நிருவாக விதிகளிலே பல்கணி பெரும்பாலும் பொதுப் பகுதியாகவே கொள்ளப்படுகின்றது. வீட்டை விலைகொடுத்து வாங்கியவருக்கும் பல்கணியைத் தனித்துப் பயன்படுத்தும் உரிமையே உண்டு. அது அவருடைய உடைமையன்று. இதற்குத் தக்க காரணமுண்டு. அடுத்தடுத்த பல்கணிகளைப் பிரிக்கும் பலகை மெல்லியது. தீ மூண்டால் அதனை உதைத்து உடைத்து அயல்வீட்டின் வழியே தப்பவேண்டும் என்பதற்காகவே அது அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. சில பல்கணிகளின் தளத்தில் மூடியொன்று உண்டு. அதனைத் திறந்தால் மடிப்பேணி கீழ்மாடிப் பல்கணிக்கு இறங்கும். ஆகவே பலகையின் முன்னும், மூடியின் மேலும், மேலிருந்து ஏணி இறங்கும் இடத்திலும் பூச்சாடி வைத்தலாகாது. அன்றியும், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, கட்டிடம் முழுவதும் பழுதுபார்க்கப்படும். அவ்வேளையில் பல்கணியிலுள்ள செடி அனைத்தையும் அகற்றிவிட வேண்டும். பத்தாண்டு வளர்த்த மரக்கன்றாயினும் அதற்கு விலக்கில்லை.

இப்பல்கணிகளில் வளர்வன எளிய செடிகளே. ஆரம்பப் பாடசாலையின் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அசகாவோ எனும் கொடியைப் பாடசாலையிலே விதையிட்டு வளர்ப்பது அந்நாட்டில் வழக்கம். அது வைகறையில் மலர்ந்து வெயிலேற வாடுவது. கோடை விடுமுறைக்கு அச்சாடி வீட்டுக்கு வந்து சேரும். பாகற்கொடியை வலையிலே படரவிட்டு வெயிலை மறைக்கும் ‘பச்சைத் திரை’யும் பரவலாகக் காணப்படுவது. 2011ஆம் ஆண்டுப் பெரும் பூமியதிர்ச்சிக்கும் அணுமின்னிலைய விபத்துக்கும் பின்னர் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு அது மேலும் பரவியது. சாடியும் மண்ணும் விதையும் உழைப்பும் வளர்ப்பவருடையவை. இடம் மட்டும் பொதுவானது.

பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக், ஒருவன் தன் உழைப்பை இயற்கைப் பொருளோடு கலப்பதனால் அது அவன் உடைமையாகின்றது என வாதிட்டார். அவ்வாதத்தை மட்டும் கொண்டால் பல்கணித் தோட்டம் வளர்ப்பவருக்கே உரியதாகிவிடும். ஆனால் பிறர்க்குப் போதிய அளவும் அதேபோன்று நல்லதுமாய் எஞ்சியிருத்தல் வேண்டும் என்ற வரையறையையும் லொக்கே இட்டார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. பரந்த நிலத்தில் அவ்வரையறை பெயரளவானதே. தப்பியோடும் வழி ஒன்றே உள்ள கட்டிடத்திலோ அவ்வரையறையே முழுச் சட்டமாகிவிடுகின்றது. வழியை ஒருவர் அடைத்துவிட்டால் மற்றவர்க்கு எஞ்சுவது எதுவுமில்லை.

இது வெறுங் கற்பனையன்று. 1995ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் கோபே நகரையும் அயற்பகுதிகளையும் தாக்கிய பூமியதிர்ச்சியில் ஆறாயிரத்து நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இடிபாட்டிற் சிக்கியோருட் பலரை உயிருடன் மீட்டவர்கள் குடும்பத்தாரும் அயலாருமேயாவர். அரசின் மீட்புப் படையால் எல்லா இடங்களுக்கும் உடன் சென்றடைய முடியவில்லை. அயலார் என்போர் எவர் என்பதை அந்நாள் உணர்த்தியது. பல்கணிப் பலகைக்கு அப்பாலிருப்பவர் முகமறியாதவராயிருக்கலாம். ஆனால் அவர் வீட்டு வழியே ஒருவர் உயிர் தப்பவேண்டி நேரலாம்.

யப்பானியத் தத்துவஞானி வத்சுஜி தெத்சுரோ (1889–1960) அறவியலைத் தனிமனிதனின் உள்ளத்திலிருந்து தொடங்க மறுத்தவர். மனிதனைக் குறிக்கும் நிங்கென் எனும் யப்பானியச் சொல்லிலே ‘ஆள்’ என்பதைக் குறிக்கும் எழுத்தும் ‘இடை’ என்பதைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்திருத்தலைச் சுட்டி, மனிதர்க்கு இடையிலுள்ள உறவிலேயே அறம் பிறக்கின்றது என அவர் கூறினார். இரு பல்கணிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பலகையை விடச் சிறந்த உதாரணம் இக்கொள்கைக்குக் கிடைப்பதரிது. எனினும் அவர் கொள்கை தனிமனிதனைச் சமூகத்துள்ளும் சமூகத்தை அரசினுள்ளும் கரைத்துவிடும் போக்குடையது என்ற கண்டனமும் எழுந்ததுண்டு. அக்கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று. பொதுநலம் என்ற பெயரால் எளியோரின் சிறு மகிழ்ச்சியைப் பறித்தல் எக்காலத்தும் நிகழ்ந்து வந்ததே.

இதன் கூர்மையைப் பழைய ஒழுங்கைகளிற் காணலாம். தோக்கியோவின் சுமிதா வட்டாரத்தில் மரவீடுகள் நெருங்கிய குறுகிய ஒழுங்கைகள் பல இன்றும் உள்ளன. முற்றமற்ற அவ்வீடுகளின் வாயிலோரத்திலே சாடிகளிலும் பழைய பெட்டிகளிலும் செடிகள் வளர்க்கப்படுகின்றன. கட்டிட நியமச் சட்டம் (1950) வீட்டின் முன் நான்கு மீற்றர் அகலமான பாதையை வேண்டுகின்றது. பாதை குறுகியதாயின், வீட்டைப் புதிதாகக் கட்டுவோர் பின்னொதுங்கிக் கட்டவேண்டும். அவ்வாறு விடப்பட்ட இடத்திலேயே சாடிகள் மீண்டும் வந்தமர்வதுண்டு. தீயணைப்பு வண்டிக்கென விடப்பட்ட நிலத்திற் செவ்வந்தி பூக்கின்றது. அச்சாடிகளின் சொந்தக்காரர் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் எனக் கொள்வோம். விடியலில் நீரூற்ற அவர் வெளியே வருவதனாலேயே ஒழுங்கையார் அவர் நலமாயிருப்பதை அறிகின்றனர்; பூவைப் பற்றிய இரு சொற்களே அன்றைக்கு அவர் பேசும் பேச்சாயிருத்தலும் கூடும். சாடிகளை அகற்றுமாறு அவருக்குக் கட்டளையிடுதல் சட்டப்படி சரியானதே. ஆனால் அவ்வளவோடு நின்றுவிட்டால் அது நீதியாகுமா?

தமிழில் ஒப்புரவு என வழங்கும் சொல் இவ்விடத்துத் துணைசெய்கின்றது. உலகநடை அறிந்து, பிறரோடு ஒத்து, அவர்க்கு உதவி வாழ்தலை அச்சொல் குறிக்கும். கட்டளைக்குப் பணிதல் ஒப்புரவன்று; அறிந்து செய்தலே ஒப்புரவு. மேலும், அது ஒருவழிப்பட்ட கடமையுமன்று. மூதாட்டி வழியை விடக் கடமைப்பட்டவராயின், வழியைக் கேட்பவர் சாடியைத் தூக்கக் கடமைப்பட்டவர். அதற்கு வேறோரிடம் தேடித் தரவும் கடமைப்பட்டவர். பாதுகாப்பின் பயன் எல்லார்க்கும் உரியது. அதற்கான இழப்பை ஒருவர் மட்டும் தாங்குதல் முறையன்று. இது நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியமென்று கூறுதற்கில்லை. அதே சுமிதா வட்டாரத்திலே 1980களில் ரொஜிசொன் எனும் அமைப்புத் தோன்றியது. அயல் வீடுகளின் கூரைகளில் விழும் மழைநீர் நிலத்தடித் தொட்டியிற் சேர்க்கப்படும். கைப்பம்பினால் அதனை இறைக்கலாம். சாதாரண நாளில் அந்நீர் செடிகளுக்குப் பாய்கின்றது. தீ மூண்ட நாளில் தீயை அணைக்க உதவும். நாள்தோறும் செடிக்கு நீரிறைப்பதனாலேயே பம்பு பழுதின்றி இருக்கின்றது. அதனைக் கையாளவும் மக்கள் பழகியிருக்கின்றனர். தோட்டமும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் அவ்விடத்துப் பொய்யாகின்றது.

சட்டத்தால் மட்டும் இதனைச் செய்துவிட முடியாது. யப்பானியக் குடியியற் சட்டத்தின்படி, அயலார் மரத்தின் வேர் எல்லை கடந்தால் அதனை வெட்டலாம். கிளையையோ உரியவரைக் கொண்டே வெட்டுவிக்கவேண்டும் என்பது நெடுங்கால விதியாக இருந்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரிலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கேட்டும் உரியவர் தக்க காலத்துள் வெட்டாராயின் அயலாரே வெட்டலாம். இத்திருத்தம் தேவையானதே, ஆனால் ஒருவரோடொருவர் பேசுவது அற்றுப்போன இடத்திற்றான் இத்தகைய விதி முற்றாகத் தேவைப்படும். சட்டம் எல்லையை வகுக்கும்; எல்லையில் எவ்வாறு நிற்பது என்பதை அது கற்பிக்காது.

அதனைக் கற்பிக்கும் வழக்கமொன்று கியோத்தோவில் உண்டு. காலையிலே தம் வாயிலைப் பெருக்குவோர் அயல்வீட்டு எல்லைக்குள்ளும் ஓரடி அளவு பெருக்குவர். எல்லையோடு நிறுத்திவிட்டால் அது பாராமுகம்; அயல்வாயில் முழுவதையும் பெருக்கிவிட்டால் அயலார்க்கு அது நன்றிக்கடனாய்ப் பாரமாகிவிடும். அந்த ஓரடி எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டதன்று. பிறர்மீது கொண்ட அக்கறைக்கும் பிறர் தன்மதிப்புக்கும் இடையிலே அனுபவத்தால் அளந்தறியப்பட்ட அளவு அது. வத்சுஜி கூறிய ‘இடை’ மனிதனை விழுங்காதிருக்க வேண்டுமாயின், அதற்கும் இத்தகைய அளவொன்று வேண்டும்.

ஆகவே, தோட்டம் எவருக்குரியது என்ற வினாவுக்கு, அது பேணுபவருக்கே உரியது என விடை கூறலாம். ஆனால் பேணுதல் என்பது செடியோடு முடிந்துவிடுவதன்று. அப்பாலுள்ளவர் தப்புவதற்குரிய வழியைப் பேணுதலும் தோட்டத்தைப் பேணுதலின் ஒரு பகுதியே. அவ்வாறு பேணுபவரின் சிறு மகிழ்ச்சியை மதித்தலும், அதனை இழக்க நேர்கையிற் கைகொடுத்தலும் சமூகத்தின் கடனாகும். பாடசாலையிலிருந்து அசகாவோச் சாடியை வீட்டுக்குக் கொண்டுவரும் பிள்ளைக்கு, ஏணி இறங்கும் இடத்தை விட்டு அதனைச் சற்றே ஒதுக்கி வைக்குமாறு தாய் கூறுவாள். ஏனென்று பிள்ளை கேட்கும். மேல்மாடியில் இருப்பவர்கள் இறங்கி வருவதற்கு என்பாள். அப்பிள்ளை பெறும் முதல் அறப்பாடம் அதுவாதல் கூடும்.