மண்டியிட்ட பெற்றோர்

போர் முடிந்த பின் வென்ற நாடும் தோற்ற நாடும் ஒருங்கே செய்யும் தொழில் ஒன்றுண்டு. அது கல் நடுதல். நம் முன்னோர் களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்துப் பெயரும் பீடும் பொறித்தனர். மேல்நாட்டார் வாளேந்திய வீரனையும் வெற்றித் தெய்வத்தையும் சதுக்கங்களில் நிறுத்தினர். இக்கற்கள் மாண்டவன் பெருமையைக் கூறும். அவனை அனுப்பியவர் யாவர் என்பதைக் கூறா. அதனையும் கூறும் கல் உண்டோ? உண்டு என்போம்.

ஜெர்மனியில் 1867 இல் பிறந்தவர் கேதே கோல்விட்ஸ் என்னும் அம்மையார். அவர் கணவர் கார்ல், பெர்லின் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதியில் மருத்துவம் செய்தவர். அவ்வேழையரின் பசியும் பிணியுமே அம்மையாரின் சித்திரங்களுக்குப் பொருளாயின. 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. பதினெட்டு வயதே ஆன இளைய மகன் பீட்டர், தானே முன்வந்து படையிற் சேர விழைந்தான். வயது நிரம்பாமையால் தந்தையின் இசைவு வேண்டியிருந்தது. தந்தை மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசி அவ்விசைவைப் பெற்றுத் தந்தவர் தாயே! அக்டோபர் மாதம் முடியுமுன் பீட்டர் பெல்ஜியத்தில் மாண்டான்.

மகனைப் போருக்கு அனுப்பிய மறக்குடித் தாயரைப் புறநானூற்றிற் கண்டு நாம் பெருமிதங் கொள்கிறோம். அத்தாயர் பத்தாண்டு கழித்து என்ன எண்ணினர்? பாட்டு அதற்கு முன்பே முடிந்து விடுகிறது. கோல்விட்ஸ் அம்மையாரின் பெரும்பணியோ அவ்விடத்தேதான் தொடங்குகிறது.

மகனுக்கு நினைவுச்சின்னம் எடுக்க அவ்வாண்டே உறுதி பூண்டார். கிடக்கும் மகனையும் அவனருகே பெற்றோரையும் வடிக்க முதலில் எண்ணினார். அது நிறைவு தரவில்லை, இடையில் கைவிட்டார், பின்னர் மீண்டும் தொடங்கினார். சிலைகள் பெல்ஜியத்தின் போர்வீரர் கல்லறையில் நிறுவப்பெற்றது 1932 இல். மகன் வாழ்ந்த ஆண்டுகளும் பதினெட்டு. தாய் கல்லோடு போராடிய ஆண்டுகளும் பதினெட்டு!

முடிவில் மகன் உருவம் அங்கில்லை. இருவர் மட்டுமே உளர். தந்தை நிமிர்ந்து மண்டியிட்டுத் தன் கைகளால் தன்னையே இறுகக் கட்டிக் கொண்டிருக்கிறார். தாய் தலை கவிழ்ந்து மண்ணை நோக்கிக் குனிந்திருக்கிறாள். தாயின் முகம் அம்மையாரின் முகமே. 1956 இல் கல்லறைகள் ஒன்று சேர்க்கப்பட்டபோது இச்சிலைகளும் விளாட்ஸ்லோ என்னும் ஊருக்கு மாற்றப்பட்டன. அங்கே புதைக்கப்பட்டோர் 25,000 பேருக்கு மேல். ஒவ்வொரு கல்லிலும் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத்தில் பெயர்ப்பதிவு எழுதும் எம்மனோர்க்கு அவ்வரிசை புதிதன்று. பெயரை எந்த ஏடும் ஏற்கும். பெற்ற வயிற்றின் எரிவை எந்த ஏடும் ஏற்பதில்லை. அதற்காகவே சிற்பம் வேண்டியிருக்கிறது.

பிறர் துயரைக் கலையாக்குதல் அறமாகுமா என வினவுவோர் உளர். தான் விலகி நின்று பிறர் கண்ணீரை அழகு செய்பவனுக்கு அவ்வினா பொருந்தும். இவ்வம்மையாரோ தம்மையே மண்டியிடச் செய்தார். அதுவும் எம்மண்ணில்? தம் நாட்டுப் படை புகுந்து பாழாக்கிய பெல்ஜிய மண்ணில். அங்கே ஜெர்மானியத் தாய் ஒருத்தி தலை நிமிர்ந்து நின்றிருப்பின் அது அகந்தை. குனிந்திருத்தலால் அது மன்னிப்பு வேண்டுதல்.

இக்கல் அடுத்த போரைத் தடுத்ததோ? இல்லை. 1933 இல் நாஜிகள் அம்மையாரைப் பிரஷ்யக் கலைக் கழகத்தினின்றும் விலகச் செய்தனர். விதைமணியை அரைக்கலாகாது என்னும் பொருள்படப் பெயரிட்டு, பிள்ளைகளைக் கைக்குள் அணைத்துக் காக்கும் தாயொருத்தியைத் தம் முதுமையில் தீட்டினார். விதைநெல்லைக் குத்தித் தின்னும் குடி எவ்வாறு அழியும் என்பதை உழவன் மகன் எவனும் அறிவான். ஆயினும் 1942 இல் ருஷியப் போரில் அவர் பேரன் மாண்டான். அவன் பெயரும் பீட்டர். அம்மையார் 1945 ஏப்ரலில், போர் முடியச் சில நாட்களே இருக்கையில், மறைந்தார்.

ஆதலின் கலையால் பயனில்லை என்பது பிழை. பீரங்கியைத் தடுப்பது சிற்பியின் வேலையன்று. அது மக்களின் வேலை. ‘யாம் ஏதும் அறியோம்’ என்று அம்மக்கள் பின்னர் கை கழுவாதபடி செய்வதே சிற்பியின் வேலை. முரசு கேட்டுப் பிள்ளையின் தோளைத் தட்டி அனுப்பும் கைகள் எந்நாட்டிலும் உள. அரசன் கை மட்டுமன்று, ஆசிரியன் கையும் பத்திரிகைக்காரன் கையும் பெற்றோர் கையும் அவற்றுள் அடங்கும். அக்கைகளை உயர்த்துமுன், விளாட்ஸ்லோவில் மண்டியிட்டிருக்கும் அவ்விருவரையும் ஒரு கணம் நினைப்போமாக!